முத்தமிழுக்கு ஓர் இலை

விழிதியூரில் பங்கஜவல்லியின் வீட்டைப் பேராசிரியர் வீடு என்று யாரும் சொல்வதில்லை. அவள் கணவர் சிதம்பரநாதன் முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் தமிழ் நடத்தியவர். டாக்டர் பட்டம் வாங்கி வாசலில் பித்தளைப் பலகையும் மாட்டியிருக்கிறார். ஊருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி ‘சோத்துக்காரர் வீடு’ என்றால்தான் சரியாகக் கொண்டுவந்து இறக்குவார்கள்.

அந்தப் பெயர் அம்மன் கோயில் திருவிழாவில் வந்தது. வைகாசியில் காப்புக் கட்டிப் பத்து நாள் பாரதக் கதை வாசிப்பார்கள். கடைசி நாள் படுகளம். கோயிலுக்கு எதிரே இருக்கும் திடலில் நூற்றுவரில் மூத்தவனை முப்பதடி நீளத்துக்கு மண்ணால் செய்து படுக்க வைத்திருப்பார்கள். வேஷம் கட்டியவர்கள் அவனைச் சுற்றிச் சுற்றிப் போர் செய்து, தொடையில் புதைத்த குங்குமத் தண்ணீர்ப் பானையை உடைப்பார்கள். சாயங்காலம் தீமிதி. இதெல்லாம் இந்தப் பக்கத்தில் பல ஊர்களில் உண்டுதான். விழிதியூரில் மட்டும் போருக்கு முன்னால் காலையில் ஒரு பந்தி நடக்கும். மண்ணுருவத்துக்கு இந்தப் பக்கம் ஐவர் வரிசை, அந்தப் பக்கம் நூற்றுவர் வரிசை. இரண்டு வரிசைக்கும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே அண்டாவிலிருந்து சோறு போகும்.

போடுகிறவள் அந்த வீட்டுக்காரி. சும்மா போட்டுவிட முடியாது. ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் நின்று, ஊர் கேட்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: “இந்தச் சோத்துல கள்ளம் இல்ல. என் கையில வஞ்சம் இல்ல. அம்மா சாட்சி.” சொல்லிவிட்டு முதல் இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். எதிரிக்கும் சோறு போடுகிறவளை நம்பிச் சாப்பிட வேண்டுமே, அதற்காக ஏற்பட்ட வழக்கம்.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, இருபத்தெட்டு வருஷமாகப் பங்கஜவல்லி அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இந்த வருஷம்தான் அதை நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். அவள் மகன் அஷ்வின் காரை வாசலில் நிறுத்தாமல் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைக்கோல் போருக்குப் பின்னால் நிறுத்தினான். இருபத்தைந்து வயது, இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பிரான்ஸில் மேல்படிப்புக்கு முயன்றுகொண்டிருந்தான். காரின் முன்விளக்கு ஒன்று நொறுங்கியிருந்தது. “மாட்டுல இடிச்சிட்டேம்மா” என்றான். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தானே தவிரக் குடிக்கவில்லை. கொஞ்சம் கழித்து, “மாடு இல்ல” என்றான்.

தெற்குத் தெரு முத்தையனின் ஒரே மகள் முத்தமிழ். காரைக்காலில் நர்ஸிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண். தினமும் ஸ்கூட்டியில் போய்வருவாள். வாய்க்கால் மதகுத் திருப்பத்தில் எதிரே வந்திருக்கிறாள்.

“போனைப் பாத்துட்டே வந்துட்டேம்மா. அடிச்ச நிமிஷமே போயிடுச்சு. இறங்கிப் பாத்தேன். மூச்சே இல்ல. யாரு வந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது” என்று அஷ்வின் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

பங்கஜவல்லி செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். மதகு ஒரு கிலோமீட்டர்தான். சிதம்பரநாதன் குறுக்கே வந்து கையைத் தூக்கினார். கையை மட்டும்தான் தூக்கினார்.

பாரதக் கதையும் இராமன் கதையும் பழைய தமிழ்ப் பாட்டுகளில் எங்கெங்கே தலைகாட்டுகின்றன என்று தேடுவதுதான் அவர் வாழ்நாள் ஆராய்ச்சி. தென்கடற்கரை ஆலமரத்தடியில் இராமன் போருக்கு ஆலோசனை செய்தபோது கிளையெல்லாம் பறவைகள் இரைந்ததாம். அவன் கையமர்த்தியதும் கப்சிப் என்று அடங்கிவிட்டனவாம். “இது வடக்கே எழுதுன கதையில கிடையாது, நம்ம ஆளுங்க பாட்டுல மட்டும்தான்” என்று காய்கறி கொண்டுவருகிறவரிடம்கூடச் சொல்லி மகிழ்வார். அன்று அந்தக் கை உயர்ந்ததும் பங்கஜவல்லி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பறவைக்கு ஐந்தறிவு, எனக்கு என்ன கேடு என்று பிறகு அவள் தன்னைத்தானே ஏசிக்கொள்ளாத நாள் இல்லை.

மீன் விற்றுவிட்டுக் கருக்களாச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் முத்தமிழைப் பார்த்துக் கூச்சல் போட்டாள். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. ஊரே திரண்டு ஓடியது. சிதம்பரநாதன் மறுநாள் மாலை வாங்கிக்கொண்டு போய்வந்தார். பங்கஜவல்லிக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். சொன்னதற்கேற்ப காய்ச்சலும் வந்தது.

கார் அடுத்த நாள் கும்பகோணம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. போவதற்கு முன் அவள் வாளித் தண்ணீரோடு அதைக் கழுவப் போனபோது, உடைந்த விளக்கின் பள்ளத்தில் ஒரு ஜிமிக்கி கிடந்தது. கவரிங்தான், மூன்று சிவப்புக் கல் வைத்தது. காட்டில் விழுந்த சீதையின் நகைகளைக் குரங்குகள் பொறுக்கி, காதில் போடுவதை விரலிலும் விரலில் போடுவதைக் காதிலும் மாட்டிக்கொண்டு கூத்தடித்ததாக ஒரு பழம்பாட்டில் வரும். அதைச் சொல்லிச் சிதம்பரநாதன் வகுப்பையே சிரிக்க வைப்பார். குரங்குகளுக்கு அது யாருடைய நகை என்று தெரியாது. பங்கஜவல்லிக்குத் தெரிந்தது. அதைத் துணியில் முடிந்து, அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். இந்த ஒரு ஜிமிக்கியை மறைக்க ஒரு டிரம் அரிசி போதவில்லை.

மதகில் கேமரா கிடையாது. பார்த்தவர்களும் இல்லை. போலீஸ் கொஞ்ச நாள் அலைந்து ஓய்ந்தது. இதற்குள் அவள் நாத்தனார் கணவர் தியாகேசன் பிரான்ஸிலிருந்து எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். அவர் அந்த நாட்டுக் குடியுரிமைக்காரர், அங்கே துலோன் நகரில் வீடு, பட்டாளத்துப் பென்ஷன். கல்லூரியில் இடம் கிடைத்தது, விசாவும் வந்தது. தீமிதி முடிந்து நாலாம் நாள் விமானம். அதுவரை வீட்டில் மூன்று வாய் மூடியிருந்தால் பிள்ளை தப்பிவிடுவான். திறந்தால் ஜெயில்தான். பங்கஜவல்லி காலண்டரில் நாள்களைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

காப்புக் கட்டிய அன்று மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“ஏங்க, என்னால அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.”

சிதம்பரநாதனுக்கு எந்த வார்த்தை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. “உடம்பு முடியலைன்னு படுத்துக்கயேன்” என்றார்.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி டெங்குல கெடந்தப்ப நாற்காலியோட தூக்கிட்டுப் போய்ச் சோறு போட வச்சாங்க. வேற கை பட்டா அந்தச் சோறு செல்லாதுன்னுட்டாங்க. மறந்துட்டீங்களா?”

“வாயால சொல்றதுதானே பங்கஜம். வெறும் சொல்லு.”

“முப்பது வருஷமா சொல்லை வச்சுத்தான் நீங்க சோறு தின்னீங்க. இப்ப வெறும் சொல்லுங்கறீங்க.”

அவர் மோரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “முத்தையன் வரமாட்டான். சாவு விழுந்த வீடு, வருஷம் கழியல. அவன் காப்புக் கட்டலை. மூத்தவன் வேஷத்தை அவன் தம்பி கட்டுறான்.”

“முத்தையன் வரமாட்டான். அம்மன் வருவாள்ல?”

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கைகழுவப் போனார். மகனைக் காப்பாற்ற நினைத்த தகப்பன்தான், கல் நெஞ்சுக்காரர் இல்லை. ராத்திரியில் அவரும் புரண்டு படுப்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அவருக்குப் புத்தகத்தைத் தவிர வேறு ஓடி ஒளிய இடம் தெரியாது. இரண்டு நாள் புத்தக அலமாரியைக் குடைந்தார். மூன்றாம் நாள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

இரண்டு படைக்கும் சோறு போட்ட ஒரு தமிழ் அரசனைப் பற்றிப் பழைய பாட்டில் ஒரு செய்தி இருக்கிறது. ஐவரும் நூற்றுவரும் பொருத களத்தில் அவன் பெருஞ்சோறு அளித்தானாம். அறிஞர்களுக்குள் அதில் இரண்டு கட்சி. உயிரோடு நின்ற இரு படைக்கும் சமைத்துப் போட்டான் என்பது ஒன்று. அப்படியில்லை, செத்தவர்களை நினைத்துப் படைத்த சோறு அது என்பது மற்றொன்று. சிதம்பரநாதன் முதல் கட்சியில் மூத்த ஆள். மற்றவர்களைத் தன் ஆய்வேட்டில் பக்கம் பக்கமாகக் கிழித்தவர். விழிதியூர்ப் பந்தியையே அதற்கு உயிருள்ள சான்று என்று காட்டியவர். அப்படிப்பட்டவர் அன்று சாயங்காலம் பாரத வாசிப்பு மேடையில் மைக்கைப் பிடித்து, தான் இத்தனை காலம் நினைத்தது பிசகு என்றார். இது மாண்டவர்களுக்கான சோறு என்றார். செத்தவர்களுக்குப் படைக்கும்போது கள்ளமில்லை, வஞ்சமில்லை என்று சத்தியம் செய்வது பொருந்தாது, அது இடையில் யாரோ நுழைத்தது என்றார். டிவியில் கட்சி மாறுகிறவர்களைக் கண்டால் கரித்துக் கொட்டுகிற மனுஷர், ஒரே சாயங்காலத்தில் மாறிவிட்டார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

விழாக் கமிட்டித் தலைவர் புகழேந்தி அவரிடம் படித்தவர். “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். வார்த்தையை எடுத்துருவோம். மாண்டவங்களுக்கு மூத்தவன் தலைமாட்டுல தனியா ஒரு இலை போட்டு முதல்ல அதுக்குப் படைச்சிடுவோம், அப்புறம் ரெண்டு வரிசைக்கும் போகட்டும்” என்று அங்கேயே முடிவு செய்தார். சிதம்பரநாதன் கீழே இறங்கி வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். மாசிக்குப் பிறகு அன்றுதான் பங்கஜவல்லிக்கு மூச்சு முழுசாக வந்தது. அந்த நிம்மதி மறுநாள் காலை பத்து மணி வரை இருந்தது.

பத்து மணிக்கு முத்தையன் வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். ஊரிலேயே எடுப்பான மூத்தவன் வேஷம் அவனுடையது, கதாயுதத்தைத் தூக்கிச் சுற்றினால் சின்னப்பிள்ளைகள் அலறும். இப்போது சட்டை தோளில் நிற்கவில்லை.

“உள்ள வா முத்தையா” என்றாள். தன் குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“இல்லக்கா, துக்கக்காரன். இங்கயே சொல்லிட்டுப் போயிடறேன். இந்த வருஷம் படுகளத்துப் பக்கமே வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து சார் பேசுனாங்கன்னு தம்பி வந்து சொன்னான். செத்தவங்களுக்கான சோறாம்ல? அப்ப எனக்குத் தடை இல்லையே.” அவன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டான். “தலைமாட்டுல போடுற அந்த ஒத்த இலையை எம் மவ பேருக்குப் போட முடியுமாக்கா? புகழேந்திகிட்ட கேட்டேன், சோத்துக்காரர் வீட்ல சரின்னா சரின்னாரு.”

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சிதம்பரநாதன் எழுந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஆனால் அவர் வெளியே வரவில்லை.

“போடலாம் முத்தையா” என்றாள்.

அவன் போகாமல் நின்றான். “ஒத்த ஜிமிக்கியோட அனுப்பி வச்சேங்கா. இன்னொண்ணை மூணு நாள் புல்லுக்குள்ள தேடுனேன். கெடைக்கல. எவன் அடிச்சான்னுகூட நான் இப்ப கேக்கறது இல்ல. அவனும் எங்கயோ ஒரு வீட்ல சோறு தின்னுட்டுத்தான் இருப்பான். அந்த மீன்காரம்மா பாத்தப்ப உடம்பு சூடா இருந்துச்சாம். அப்ப எம்புட்டு நேரம் கெடந்தாளோ, வலிச்சுதோ. உடனே போயிட்டாளா, கெடந்து போனாளா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். படுத்தா அதுதான் வருது.”

உடனே போய்விட்டாள் என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது. அது ஒன்றுதான் அவளிடம் அவனுக்குக் கொடுக்க இருந்த நல்ல சேதி. அதையும் கொடுக்க முடியவில்லை. முத்தையன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

உள்ளே சிதம்பரநாதன் அலமாரியைப் பார்த்தபடி நின்றார். “எனக்கு இது தோணலை பங்கஜம்” என்றார். மாசிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் உண்மையான பேச்சு அது. அவள் அடுப்படிக்குப் போனாள்.

படுகளத்தன்று விடிவதற்குள் அண்டா இறங்கிவிட்டது. அரிசி டிரம்மைக் கவிழ்த்துத்தான் சோறு வடித்தார்கள். ஜிமிக்கியை வெளியே எடுக்க வேண்டி வந்தது. கோயில் குளத்தில் எறிந்துவிடலாம் என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். குளத்தங்கரை முழுக்க ஜனம். எறிய இடமில்லை. முடிச்சோடு திடலுக்கு வந்தாள்.

மூத்தவன் மண்ணுருவமாக வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். முறுக்கு மீசை, பெரிய பெரிய கண்கள், ஈரம் காயாத சுண்ணாம்பு. இரண்டு பக்கமும் வேஷக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் தனியாக ஒரு தலைவாழை இலை, பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர், பள்ளிக்கூட யூனிஃபார்மில் எடுத்த முத்தமிழ் போட்டோ. அதன் அருகில் முத்தையன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு வேப்பமரத்தடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அஷ்வினைத் தண்ணீர் ஊற்ற விட்டிருந்தார்கள். திருவிழா நாளில் வீட்டோடு பதுங்கினால் பேச்சு வரும் என்று சிதம்பரநாதன்தான் அழைத்துவந்தார். ஜக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் ஐவர் வரிசைக்கு ஊற்றினான், நூற்றுவர் வரிசைக்கு ஊற்றினான். தலைமாட்டு இலைக்கு வந்ததும் கால் தயங்கி, டம்ளரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டான். பங்கஜவல்லி அதைப் பார்த்தாள். முத்தையனும் பார்த்திருக்க வேண்டும்.

மேளம் நின்றது. அவள் சோற்றுத் தட்டோடு தலைமாட்டுக்கு வந்து குனிந்தாள்.

“அந்த வார்த்தையைச் சொல்லிட்டுப் போடுங்கக்கா” என்றான் முத்தையன்.

“அது வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்கள்ல.”

“மத்தவங்களுக்கு வேணாம். சார் சொன்னா சரிதான். ஆனா இவ சின்னப்பிள்ளையிலேர்ந்து என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, நீங்க சொல்லச் சொல்ல அவளும் உதட்டை அசைப்பா. ‘சோத்துக்கார அத்தை சொல்லிட்டாங்கப்பா, இப்ப சாப்பிடு’ம்பா. நீங்க சொல்லாம போட்டா தொடமாட்டாக்கா. அவளுக்காகச் சொல்லுங்க.”

பங்கஜவல்லி நிமிர்ந்தாள். எதிரே கோயில் வாசல் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. இந்தப் பக்கம் நாலு நாளில் விமானம் ஏறப்போகிற மகன், கையில் ஜக்கோடு. பெற்ற வயிறு அவனுக்காகத்தான் பதறியது, அதை மறைப்பானேன். ஐந்து விநாடியில் சொல்லி முடிக்கிற வார்த்தைதான். சொல்லிவிட்டால் அவன் போய்விடுவான்.

“இந்தச் சோத்துல” என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். மறுபடியும் ஆரம்பித்தாள். “இந்தச் சோத்துல கள்ளம் இருக்கு, முத்தையா.”

ஊர் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக் காதைத் தீட்டியது.

“என் கையில வஞ்சம் இருக்கு. அம்மா சாட்சி.” முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து ஜிமிக்கியை எடுத்து வெறும் இலையில் வைத்தாள். “அடிச்சது எங்க வீட்டு வண்டி. ஓட்டுனது அஷ்வின். இது அதுல கெடந்துச்சு. மூணு மாசமா நான்தான் அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன்.”

சிதம்பரநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையைத் தூக்கினார். இந்தத் தடவை அந்தக் கைக்கு யாரும் அடங்கவில்லை. திடல் முழுக்க இரைச்சல் எழுந்தது. நூற்றுவர் வரிசையிலிருந்து முத்தையனின் தம்பி கதாயுதத்தோடு துள்ளி எழுந்தான். அது கட்டைதான், ஆனாலும் ஒரு மண்டையைப் பிளக்கப் போதும்.

“உக்காருடா” என்றான் முத்தையன். “இலை போட்டாச்சு. பந்தியில எந்திரிக்கக் கூடாது.”

தம்பி நின்றான். பிறகு உட்கார்ந்தான். ஏட்டு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெல்ல நடந்து வர ஆரம்பித்தார்.

முத்தையன் ஜிமிக்கியை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூன்று கல்லையும் விரலால் தடவினான். அழவில்லை. தலையைத் தூக்கி அஷ்வினைப் பார்த்தான்.

“தம்பி, நீ பாத்தப்ப அவளுக்கு உசிரு இருந்துச்சா?”

“உடனே போயிடுச்சாம் முத்தையா” என்று பங்கஜவல்லி முந்திக்கொண்டாள். அதைச் சொல்லத்தானே அத்தனை நாள் துடித்தாள். “இறங்கிப் பாத்திருக்கான். மூச்சே இல்லையாம். வலிச்சிருக்காது. அதை மட்டும் நெனைச்சுக்…”

“இல்லம்மா” என்றான் அஷ்வின்.

அவள் திரும்பினாள்.

“இருந்துச்சு” என்றான். வார்த்தை வார்த்தையாக வந்தது. “கண்ணைத் தொறந்து பாத்துச்சு. அஷ்வின் அண்ணான்னு கூப்புட்டுச்சு. தண்ணி கேட்டுச்சு. வண்டியில பாட்டில் இருந்துச்சு. எடுக்கத்தான் போனேன். தூரத்துல ஏதோ லைட்டு தெரிஞ்சுது… ஏறி வந்துட்டேன்.”

அன்று சாயங்காலம் அவன் கையில் குடிக்காமல் இருந்த டம்ளர் பங்கஜவல்லிக்கு நினைவு வந்தது. மூன்று மாதமாக ஒரு பொய்யை மறைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் இன்னொரு பொய் இருந்திருக்கிறது. அவள் வாசற்படியில் நின்ற நேரத்தில், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அந்தப் பெண் தண்ணீர் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். ஓடியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். சோற்றுத் தட்டு கையை விட்டு நழுவியது. யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

முத்தையன் விரல்களை மடக்கி ஜிமிக்கியை மூடிக்கொண்டான். ஏட்டு பக்கத்தில் வந்து நின்றார். ஏனோ அஷ்வின் மேல் கை வைக்கவில்லை. இரண்டு வரிசையிலும் யாரும் சோறு கேட்கவில்லை.

பிறகு முத்தையன் ஜிமிக்கியை மறுபடியும் இலையில் வைத்தான். பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, அஷ்வினுக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்தினான்.

“இந்த டம்ளர் காலியா இருக்கு பாரு” என்றான். “ஊத்து.”

அஷ்வின் முழங்காலிட்டான். ஜக்கைச் சாய்த்ததில் பாதித் தண்ணீர் மண்ணில் போனது. டம்ளரில் கொஞ்சம்தான் விழுந்தது.

“நெறைய ஊத்து தம்பி” என்றான் முத்தையன். “தாகத்தோட கெடந்தா.”